நெட்வொர்க்கிங் வேலைக்கு என்ன படிக்கலாம்? சிசிஎன்ஏ முதல் ஃபயர்வால் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிகிரி முடித்துவிட்டு நெட்வொர்க்கிங் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களும், அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ கம்பெனியின் சிசிஎன்ஏ சான்றிதழைச் சுற்றித்தான் பெரும்பாலான பதில்கள் இருக்கும். நம் ஊர் வேலை விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படும் பெயர் அதுதான்.

நெட்வொர்க் இன்ஜினியர் என்றால் உண்மையில் என்ன வேலை?

ஒரு வங்கிக்கு முந்நூறு கிளைகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரவுட்டர் (ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைப்பது), இரண்டு மூன்று ஸ்விட்ச் (கிளைக்குள் உள்ள கம்ப்யூட்டர்களை இணைப்பது), ஒன்றிரண்டு சர்வீஸ் புரொவைடர்களின் லைன். இவை எல்லாம் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டும். அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு நாக் (நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர்) என்று பெயர். புதிதாக வருபவர்களில் பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

இரவு இரண்டு மணிக்குத் திருநெல்வேலிக் கிளை லிங்க் டவுன் என்று அலாரம் வருகிறது. முதலில் எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கமாண்டைப் போட்டுப் பார்ப்பீர்கள். பிறகு பேக்கப் லைனில் டிராஃபிக் போகிறதா என்று பார்ப்பீர்கள். போகிறது என்றால் மூச்சு விடலாம். அதன்பின் டிக்கெட் திறந்து (பிரச்சினையைச் சிஸ்டத்தில் பதிவு செய்து), புரொவைடருக்குப் போன் போட்டு, டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கி, கிளையின் வாட்ச்மேனை எழுப்பி அங்கே கரண்ட் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இரவு நேர அலாரங்களில் கணிசமானவை கரண்ட் கட் அல்லது யுபிஎஸ் தகராறு. இது எல்1, அதாவது முதல் நிலை வேலை. கருவிகளின் கான்ஃபிகரேஷனில் (அமைப்புகளில்) கைவைத்துப் பிரச்சினையைத் தீர்ப்பவர் எல்2. டிசைன், பெரிய மாற்றங்கள், யாராலும் கண்டுபிடிக்க முடியாத சிக்கல்கள் எல்3-க்குப் போகும்.

இன்னொரு வாசல் ஃபீல்டு இன்ஜினியர். பைக்கில் கிளை கிளையாகப் போய் ரேக்கில் ஸ்விட்ச் ஏற்றி, கேபிள் இழுத்து, கேபிள் முனையில் ஆர்ஜே45 பிளக்கைக் கிரிம்ப் பண்ணும் வேலை. இதைக் குறைவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருடம் ஃபீல்டில் இருந்தவர் எல்2-வுக்கு வரும்போது, கேபிள் பிரச்சினையையும் கான்ஃபிகரேஷன் பிரச்சினையையும் அவர் பிரித்தறியும் வேகம் வேறு யாருக்கும் வருவதில்லை.

நான் பி.இ. மெக்கானிக்கல். என் தோழி பி.காம். எங்களால் முடியுமா?

முடியும். சிசிஎன்ஏ எழுத டிகிரி நிபந்தனை கிடையாது. முன்தகுதித் தேர்வும் கிடையாது.

தடை வருவது வேறு இடத்தில். பெரிய ஐடி நிறுவனங்கள் பலவற்றில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது, குறிப்பிட்ட வருடத்தில் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று வடிகட்டி வைத்திருப்பார்கள். அதில் அடிபட்டால் மனம் தளர வேண்டாம். ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் சிஸ்டம் இன்டகிரேட்டர் கம்பெனிகள், மருத்துவமனைகள், கல்லூரிகள், தொழிற்சாலைகள், இன்டர்நெட் சர்வீஸ் கம்பெனிகள் இவற்றிலெல்லாம் டிப்ளமோவையும் பி.எஸ்சி.யையும் பி.காமையும் எடுக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை பக்கம் ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையிலும் ஒரு சின்ன நெட்வொர்க் டீம் இருக்கும். அங்கிருந்து ஏறிவந்தவர்கள் ஏராளம்.

எந்தச் சான்றிதழில் தொடங்குவது? பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

கம்ப்யூட்டர் அடிப்படையே தெரியாது என்றால் காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் பாடத்திட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அது எந்தக் கம்பெனியின் கருவியையும் சாராதது. இப்போதைய தேர்வு எண் என்10-009, 2024 ஜூனில் வந்தது. அமெரிக்காவில் அதற்கு நல்ல மதிப்பு. இங்கே வேலை விளம்பரங்களில் அதன் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அதனால் படியுங்கள், ஆனால் தேர்வுக் கட்டணத்தைச் சிசிஎன்ஏ-வுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

சிஸ்கோவிலேயே சிசிஎஸ்டி என்று ஒரு ஆரம்பநிலைச் சான்றிதழ் இருக்கிறது. பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு அது நல்ல படிக்கட்டு. பட்டதாரி என்றால் நேராகச் சிசிஎன்ஏ-வுக்கே போகலாம்.

ஜூனிப்பரின் ஜேஎன்சிஐஏ, ஃபோர்டிநெட் சான்றிதழ்கள், அமேசான் கிளவுடு இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் இரண்டாவதாக. முதல் சான்றிதழ் ஒன்றே ஒன்றாக, ஆழமாக இருக்கட்டும். ரெஸ்யூமேயில் ஆறு லோகோ போட்டுவிட்டு, விலான் என்றால் என்ன என்ற கேள்விக்குத் தடுமாறுகிற பிள்ளைகளை இன்டர்வியூக்களில் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. யாரோ தவறான வழியைக் காட்டியிருக்கிறார்கள்.

சிசிஎன்ஏ-வில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

தேர்வு எண் 200-301. 2020 பிப்ரவரி 24-இல் பழைய சிசிஎன்ஏ ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங், சிசிஎன்ஏ செக்யூரிட்டி, சிசிஎன்ஏ வயர்லெஸ் என்று பிரிந்துகிடந்தவற்றை நிறுத்திவிட்டு ஒரே சிசிஎன்ஏ ஆக்கினார்கள். 2024 ஆகஸ்டில் 1.1 பதிப்பு வந்தது.

மதிப்பெண் ஒதுக்கீட்டைப் பார்த்தாலே எங்கே நேரம் செலவிட வேண்டும் என்று புரிந்துவிடும். ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம். ரவுட்டிங் டேபிளைப் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற ரவுட்டரின் பட்டியல்) படிப்பது, ஸ்டாட்டிக் ரவுட் (நாமே கையால் எழுதும் வழி), ஒரே ஏரியா ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைக் கண்டுபிடிக்கும் முறை) எல்லாம் இதில். நெட்வொர்க் அடிப்படைக்கு 20. விலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு), ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்குள் டிராஃபிக் சுற்றிச் சுற்றி வராமல் தடுப்பது), வயர்லெஸ் அடங்கிய நெட்வொர்க் ஆக்ஸஸுக்கு இன்னொரு 20. பாதுகாப்புக்கு 15. நாட் (வழியில் ஐபி முகவரியை மாற்றி அனுப்புவது), டிஎச்சிபி (கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்குவது), என்டிபி (கருவிகளின் கடிகாரங்களை ஒத்துவைப்பது) மாதிரியான ஐபி சர்வீசஸுக்கு 10. ஆட்டோமேஷனுக்கு 10.

முதல் மூன்றும் சேர்ந்தால் 65. அந்த மூன்றும் கைக்கு வந்தால் மிச்சமெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சப்நெட்டிங் என்றாலே பயமாக இருக்கிறது. கணக்கில் நான் வீக்.

சப்நெட்டிங் என்பது ஒரு நெட்வொர்க்கைச் சின்னச் சின்ன நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் கணக்கு. இரண்டின் அடுக்குகள் (2, 4, 8, 16, 32...) தெரிந்தால் போதும். ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம்.

ஒரு லேப்டாப்பின் ஐபி 192.168.10.77, பக்கத்தில் /27 என்று இருக்கிறது. /27 என்றால் மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.224. 256-லிருந்து 224-ஐக் கழித்தால் 32. ஆக நெட்வொர்க்குகள் 32, 32-ஆக நகரும்: 0, 32, 64, 96, 128 என்று. 77 எங்கே விழுகிறது? 64-க்கும் 96-க்கும் நடுவில். அப்படியென்றால் நெட்வொர்க் முகவரி 64, பிராட்காஸ்ட் முகவரி (அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் அனுப்ப) 95, கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 94 வரை, மொத்தம் 30. அவ்வளவுதான் கணக்கு.

இது எங்கே உதவும்? அதே லேப்டாப்பில் கேட்வேயை (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரியை) 192.168.10.94 என்று போடுவதற்குப் பதில் யாரோ 97 என்று தட்டிவிட்டார்கள். இப்போது அதே நெட்வொர்க்கில் உள்ள பிரின்டர் வேலை செய்யும், பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டர் பிங் ஆகும், ஆனால் இன்டர்நெட் வராது. "பிரின்ட் வருது சார், நெட்தான் வரல" என்று யூசர் சொல்வார். சப்நெட்டிங் கைவந்தவர் ஐபியையும் கேட்வேயையும் ஒரு பார்வை பார்த்ததும், 97 அடுத்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தெரியாதவர் கேபிளை மாற்றுவார், டிரைவரை மாற்றுவார், கடைசியில் விண்டோஸையே மாற்றுவார்.

தினமும் காலையில் பத்துக் கணக்கு பேப்பரில் போடுங்கள். ஒரு மாதத்தில் பயம் போய்விடும். கால்குலேட்டர் ஆப் வேண்டாம், தேர்வறையில் அது கிடையாது.

இன்ஸ்டிடியூட்டில் சேர வேண்டுமா? வீட்டிலிருந்தே படிக்கலாமா?

தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே படிக்கலாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி 1997 முதல் நடக்கிறது. அதன் தளத்தில் பதிவு செய்தால், கம்ப்யூட்டருக்குள்ளேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். சில அடிப்படைப் பாடங்களும் இலவசம். யூடியூப்பில் ஜெரமிஸ் ஐடி லேப் என்ற சேனலில் 200-301-க்கான முழுப் பாடமும் லேபுடன் காசில்லாமல் கிடைக்கிறது. உங்கள் கல்லூரியே அகாடமியாகப் பதிவாகியிருந்தால் மூன்று பகுதிகளாக உள்ள சிசிஎன்ஏ பாடத்தை அங்கேயே முடிக்கலாம், நல்ல மதிப்பெண் வாங்கினால் தேர்வுக் கட்டணத்தில் தள்ளுபடியும் கிடைக்கும். இதைத் தெரியாமலேயே மூன்று வருடம் கழித்துவிட்டு வெளியே வந்து பணம் கட்டுகிறவர்கள் உண்டு. துறைத் தலைவரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் போர்ட்டலில் உங்கள் கல்லூரிக்கு என்ன கோர்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தனியாகப் படித்தால் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவேன் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், இன்ஸ்டிடியூட் நல்லதுதான். ஆனால் பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். 200-125 என்று எண் இருந்தாலோ, ஃபிரேம் ரிலே, இஐஜிஆர்பி என்று பாடங்கள் இருந்தாலோ அது 2020-க்கு முந்தைய சரக்கு. எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்றிதழும் சேர்த்துத் தருகிறோம் என்று போர்டு இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அவற்றை 2021 ஜனவரி 31-உடன் நிறுத்திவிட்டது. நிறுத்திய ஒன்றை விற்கும் இடத்தில் மற்றப் பாடங்கள் மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்?

டெமோ கிளாஸ் ஒன்றில் உட்காருங்கள். ஆசிரியர் பவர்பாயின்டைப் படிக்கிறாரா, கமாண்ட் அடித்துக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். அவர் வேலை பார்த்த அனுபவம் உள்ளவரா, அல்லது போன பேட்ச்சில் படித்து முடித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

"100 சதவீத வேலை உத்தரவாதம்" என்கிறார்கள். 80,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது மகனைச் சேர்க்கலாமா? (ஒரு தாய் கேட்டது)

வேண்டாம் அம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

வேலை கொடுப்பது இன்ஸ்டிடியூட் இல்லை, கம்பெனி. அதனால் உத்தரவாதம் என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் "பத்து இன்டர்வியூவுக்கு அனுப்புவோம்" என்பதுதான் அதன் பொருள். சில இடங்களில் மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு டேட்டா என்ட்ரி வேலையைக் காட்டி, "பிளேஸ்மென்ட் முடிந்தது" என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். இன்னும் மோசமானது, போலி அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுப்பது. "மூன்று வருட அனுபவம்" என்று பொய்யாகப் போட்டு வேலைக்குச் சேர்ந்தால், பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வேலை போவதோடு முடியாது, அந்தப் பையனின் பெயர் கெட்டுவிடும். இருபத்திரண்டு வயதில் அந்தச் சுமை எதற்கு?

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். போன வருடம் அங்கே படித்த மூன்று பேரின் போன் நம்பரைக் கேளுங்கள், அவர்களிடம் நேரில் பேசுங்கள். கட்டணத்தில் சிஸ்கோ தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். இன்ஸ்டிடியூட் அச்சடித்துத் தரும் சான்றிதழ் வேறு, சிஸ்கோ தரும் சான்றிதழ் வேறு. இரண்டாவது, தேர்வெழுதிப் பாஸ் ஆனால் மட்டுமே வரும், அதை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். டென்த், ப்ளஸ் டூ ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை எக்காரணம் கொண்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். வங்கிக் கடனாகவோ இஎம்ஐ ஆகவோ மாற்றிக்கொள்ளலாம் என்று உடனே கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள். பையன் வகுப்பைப் பாதியில் நிறுத்தினாலும் அந்த இஎம்ஐ நிற்காது.

லேப் எப்படி அமைப்பது? நிஜ ரவுட்டர் வாங்க வேண்டுமா?

பேக்கெட் டிரேசர் போதும். சிசிஎன்ஏ-வுக்கு அதற்குமேல் கட்டாயத் தேவை எதுவும் இல்லை. கொஞ்சம் பழைய லேப்டாப்பிலும் ஓடும். அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி பக்கம் போகும்போது ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோவின் சொந்த மாடலிங் லேப்ஸ் என்ற லேப் மென்பொருள்களைப் பார்த்துக்கொள்ளலாம். மாடலிங் லேப்ஸில் ஐந்து கருவிகள் வரை இலவசமாக ஓட்டலாம். இவற்றுக்கு மட்டும் கொஞ்சம் பலமான கம்ப்யூட்டர் வேண்டும்.

கையில் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் சென்னை ரிட்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் சிஸ்கோவின் பழைய 2960 ஸ்விட்ச் ஒன்று தேடிப் பாருங்கள். ஸ்விட்சையும் கம்ப்யூட்டரையும் நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைச் சொருகி, புட்டி என்ற மென்பொருளைத் திறந்து, 9600 வேகம் வைத்து, கருப்புத் திரையில் எழுத்துகள் ஓடுவதைப் பார்க்கிற அனுபவத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கட்டாயம் இல்லை.

லேப் செய்யும் முறைதான் முக்கியம். வீடியோவில் காட்டிய கமாண்டை அப்படியே அடித்து, பிங் ஆனதும் மூடிவிடுவது லேப் ஆகாது. வேலை செய்கிற நெட்வொர்க்கை நீங்களே கெடுக்க வேண்டும். டிரங்கின் ஒரு முனையில் நேட்டிவ் விலானை (விலான் அடையாளம் ஒட்டாத டிராஃபிக் போகும் விலானை) மாற்றுங்கள், என்ன எச்சரிக்கை வருகிறது என்று பாருங்கள். ஓஎஸ்பிஎஃப்பில் ஒரு பக்கம் ஹலோ டைமரை (ரவுட்டர்கள் எத்தனை நொடிக்கு ஒருமுறை ஹலோ சொல்லும் என்பதை) 10-லிருந்து 15 ஆக்குங்கள், பக்கத்து ரவுட்டரோடு உள்ள நெய்பர் உறவு அறுந்து போவதைப் பாருங்கள். டிஎச்சிபி சர்வரை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வருவதைப் பாருங்கள். அந்த எண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் வாழ்நாளில் மறக்க மாட்டார். எங்கே பார்த்தாலும் "டிஎச்சிபி கிடைக்கவில்லை" என்று வாய் சொல்லிவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஒருவர் ஃபைலைக் கெடுத்து அனுப்ப வேண்டும், மற்றவர் கருவியின் நிலையைக் காட்டும் ஷோ கமாண்டுகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். முழுக் கான்ஃபிகரேஷனையும் காட்டிவிடும் ஷோ ரன்னிங் கான்ஃபிக் பார்க்கக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்2 வேலையின் பாதி இந்தப் பயிற்சிதான்.

அப்புறம் வயர்ஷார்க். நெட்வொர்க்கில் போகும் பேக்கெட்டுகளை (தரவுப் பொட்டலங்களை) பிடித்துக் காட்டும் இலவச மென்பொருள். உங்கள் லேப்டாப்பிலேயே அதை ஓடவிட்டு ஒரு வெப்சைட்டைத் திறங்கள். முதலில் டிஎன்எஸ் கேள்வி (அந்த வெப்சைட்டின் ஐபி என்ன என்று) போகும், பதில் வரும், பிறகு இணைப்பைத் தொடங்கும் டிசிபியின் மூன்று கை குலுக்கல் நடக்கும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தது பத்து நொடியில் கண்முன் வந்து நிற்கும்.

தேர்வு எப்படி நடக்கும்? கட்டணம் எவ்வளவு?

கட்டணம் 300 டாலர், வரி தனி. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 354 டாலர். அன்றைய டாலர் விலையைப் பொறுத்து ரூபாயில் மாறும். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். நேரம் 120 நிமிடம். ஒரு பதிலைக் கொடுத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது. அதனால் கடினமானதைக் கடைசியில் பார்க்கலாம் என்ற பள்ளிக்கூட உத்தி இங்கே பலிக்காது. கமாண்ட் அடித்துச் செய்ய வேண்டிய லேப் கேள்விகளும் வரும், அவை நேரத்தை விழுங்கும்.

வீட்டிலிருந்தும் எழுதலாம், சென்டருக்குப் போயும் எழுதலாம். சென்டருக்குப் போங்கள் என்பேன். வீட்டில் எழுதினால் அறைக்குள் யாரும் வரக் கூடாது, வாய்விட்டுக் கேள்வியைப் படிக்கக் கூடாது, இணைப்பு அறுந்தால் அலைச்சல். நம் வீடுகளில் மூன்று மணி நேரம் யாரும் கதவைத் தட்டாமல் இருப்பது பெரிய காரியம்.

பெயர் விஷயத்தில் கவனம். நமக்கு இனிஷியல் பழக்கம். ஒரு அடையாள அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். தேர்வன்று எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் கட்டிய பணம் போய்விடும்.

ஃபெயில் ஆனால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், கட்டணம் முழுதாக மறுபடி கட்ட வேண்டும். ரிப்போர்ட்டில் எந்தப் பகுதியில் எவ்வளவு சதவீதம் என்று வரும். ஐந்தாவது நாளே ஓடாமல், அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படியுங்கள்.

டம்ப்ஸ் (திருட்டுத்தனமாக வெளிவரும் தேர்வுக் கேள்விகளும் விடைகளும்) படித்துப் பாஸ் ஆகலாமே?

ஆகலாம். சிஸ்கோ கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யும், தடையும் விதிக்கும். கண்டுபிடிக்காவிட்டாலும் முதல் டெக்னிக்கல் ரவுண்டிலேயே வெளுத்துவிடும். 354 டாலரும் வீண்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் பெரிய தடையா?

தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. ஆனால் அதில் வரும் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. ஐந்நூறு, அறுநூறு கலைச்சொற்களும் எளிய வாக்கியங்களும்தான். கருத்தைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், யூடியூப்பில் தமிழில் நல்ல விளக்கங்கள் இருக்கின்றன. அதன்பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை படியுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே ஆங்கிலத்தில் மோதினால், பாடம் புரியவில்லையா மொழி புரியவில்லையா என்றே தெரியாமல் போய்விடும்.

வேலையில் ஆங்கிலம் இரண்டு இடத்தில் வேண்டும்: டிக்கெட்டில் நாலு வரி எழுதவும், பிரிட்ஜ் காலில் (பலர் சேர்ந்து பேசும் போன் காலில்) நடப்பதைச் சொல்லவும். "லிங்க் எத்தனை மணிக்குப் போனது, நாங்கள் என்ன பார்த்தோம், இப்போது யார் கையில் இருக்கிறது, அடுத்த தகவல் எப்போது" என்ற நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். எல்1-க்கு இது தாராளமாகப் போதும்.

எத்தனை மாதம் ஆகும்?

தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்து, ஆறு மாதம். முழு நேரமாகப் படித்தால் மூன்று. முப்பதே நாளில் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

வரையறை கேட்பவர்கள் குறைவு. சூழ்நிலை சொல்லிக் கேட்பார்கள். "ஒரே ஸ்விட்சில் இரண்டு கம்ப்யூட்டர், ஒன்றுக்கொன்று பிங் ஆகவில்லை, என்ன பார்ப்பாய்?" இதற்கு ஒரே பதிலைச் சட்டென்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். போர்ட்டில் லைட் எரிகிறதா, இரண்டும் ஒரே விலானா, ஐபியும் மாஸ்க்கும் சரியா, ஆர்ப் டேபிளில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியலில்) எதிராளியின் மேக் முகவரி (கருவியின் சொந்த எண்) வருகிறதா, விண்டோஸ் ஃபயர்வால் (வேண்டாத டிராஃபிக்கை நிறுத்தும் பாதுகாப்பு அரண்) தடுக்கிறதா என்று கீழிருந்து மேலே போங்கள். கேட்பவர் பார்ப்பது அந்த ஒழுங்கைத்தான்.

இன்னொன்று பலரைக் கவிழ்க்கும் கேள்வி: ஒரு பேக்கெட் மூன்று ரவுட்டர் தாண்டிப் போகிறது, வழியில் எது மாறும், எது மாறாது? நடுவில் நாட் இல்லாதவரை அனுப்பியவர், பெறுபவர் ஐபி முகவரிகள் கடைசிவரை மாறாது. மேக் முகவரிகள் ஒவ்வொரு தாவலிலும் மாறும். டிடிஎல் (பேக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும். இதை ஒரு தாளில் படம் போட்டு விளக்கத் தெரிந்தால் இன்டர்வியூ எடுப்பவரின் முகமே மாறும்.

தெரியாததைத் "தெரியாது சார், இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

நைட் ஷிஃப்ட் கட்டாயமா? பெண்களுக்கு இந்த வேலை சரிப்படுமா? (பி.எஸ்சி. முடித்த மகளுக்காக ஒரு தந்தை)

நாக் வேலையில் ரொட்டேஷன் ஷிஃப்ட் இருக்கும், மறைக்க வேண்டியதில்லை ஐயா. பெரிய நிறுவனங்கள் இரவு ஷிஃப்ட்டில் பெண்களை வீட்டு வாசலில் இறக்கிவிட வண்டி வைத்திருக்கின்றன. ஆஃபர் லெட்டர் வரும்போதே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நெட்வொர்க் டீம்களில் பெண்கள் குறைவாக இருப்பதற்குத் திறமை காரணமில்லை, வீட்டில் தடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். மருத்துவமனையில் நர்ஸாக இரவு வேலைக்கு அனுப்புகிற அதே ஊரில் இதற்கு மட்டும் தயங்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் கழிந்து ஃபயர்வால், கிளவுடு, டிசைன் பக்கம் போனால் பகல் ஷிஃப்ட் வேலைகள் நிறையவே உண்டு.

சம்பளம்?

எல்1-இல் முதல் வருடம் குறைவு, புரோகிராமராகச் சேர்ந்த நண்பனோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். நெட்வொர்க்கிங்கில் சம்பளம் மூன்றாவது வருடத்துக்குப் பிறகுதான் தாவும், அதுவும் எல்2-வுக்கு ஏறினால்தான்.

எண்ணைவிட முக்கியம், யாருடைய பேரோலில் இருக்கிறீர்கள் என்பது. பெரிய கம்பெனியின் ஆபீஸில் உட்கார்ந்திருப்பீர்கள், சம்பளம் மூன்றாவது ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி போடும். அதில் தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பிஎஃப் பிடிக்கிறார்களா, ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டா, பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், உடைத்தால் எவ்வளவு என்று எழுத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சென்னையில் வேலை இருக்கிறதா, பெங்களூர்தான் போக வேண்டுமா?

சென்னை கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர். 2002-இல் சிங்கப்பூருக்குப் போட்ட ஐ2ஐ கேபிளும், ஐரோப்பா வரை நீளும் சீ-மீ-வீ 4 கேபிளும் இங்கே இறங்குகின்றன. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு இணையம் கொண்டுபோன கேபிளும் சென்னையிலிருந்துதான் புறப்படுகிறது. கேபிள் இறங்கும் இடத்தைத் தேடி டேட்டா சென்டர்கள் வரும். சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் வந்தவை அப்படித்தான். அங்கே ரேக், கேபிளிங், ஸ்விட்ச், கூலிங் என்று எல்லா நிலையிலும் ஆள் வேண்டும். பெங்களூரில் வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மை. இரண்டு ஊருக்கும் அப்ளை பண்ணுங்கள்.

சிசிஎன்ஏ முடித்தபின் அடுத்து என்ன?

முதலில் வேலை. ஒரு வருடமாவது அலாரங்களோடு மல்லுக்கட்டுங்கள்.

பிறகு மூன்று பாதை. ரவுட்டிங்கிலேயே ஆழமாகப் போக சிசிஎன்பி என்டர்பிரைஸ்: 350-401 என்ற கோர் தேர்வு ஒன்று, விருப்பத் தேர்வு ஒன்று. அதன் உச்சி சிசிஐஇ. 1993-இல் தொடங்கியது. கோர் தேர்வுக்குப் பின் எட்டு மணி நேர லேப் தேர்வு.

இரண்டாவது ஃபயர்வால். நம் ஊர் நடுத்தரக் கம்பெனிகளில் ஃபோர்டிநெட்டின் ஃபோர்டிகேட் ஃபயர்வால் அதிகம் இருக்கிறது. ஃபோர்டிநெட் தன் ஆன்லைன் பாடங்களை இலவசமாகவே தருகிறது. சீக்கிரம் சம்பளம் ஏற வேண்டுமென்றால் இந்தப் பாதையைத்தான் நான் சொல்வேன்.

மூன்றாவது கிளவுடு. விபிசி (கிளவுடுக்குள் உங்களுக்கான தனி நெட்வொர்க்), ரவுட் டேபிள், செக்யூரிட்டி குரூப் (ஃபயர்வால் விதிகள்) எல்லாமே நீங்கள் சிசிஎன்ஏ-வில் படித்ததன் வேறு வடிவங்கள். லினக்ஸும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பாதையானாலும் பைத்தான் நிரல்மொழி பழகிக்கொள்ளுங்கள். ஐம்பது ஸ்விட்ச்களின் கான்ஃபிகரேஷனை இரவோடு இரவாக பேக்கப் எடுக்கும் பதினைந்து வரி நிரல் எழுதத் தெரிந்தால் டீமில் உங்கள் இடமே வேறு.

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா?

எல்1-இன் ஒரு பகுதி நிச்சயம் குறையும். அலாரத்தைப் பார்த்து டிக்கெட் திறப்பதை மென்பொருள் இப்போதே செய்கிறது. சிஸ்கோவும் 2024 பதிப்பில் ஏஐ, டெராஃபார்ம் (அமைப்புகளைத் தானாகச் செய்யும் மென்பொருள்) இவற்றைப் பாடத்தில் சேர்த்திருக்கிறது.

குறையாதது எது? மழைநீர் வடிகால் தோண்டும் ஜேசிபி ஃபைபரை அறுத்தால் யாராவது அங்கே போய்த்தான் ஆக வேண்டும். மருத்துவமனையில் ஐசியூ மானிட்டர்கள் இருக்கும் விலானில் மாற்றம் செய்ய, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒரு மனிதர் வேண்டும். ஏஐ எழுதித்தந்த ஆக்ஸஸ் லிஸ்ட்டில் (எந்த டிராஃபிக்கை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியலில்) கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு "எல்லாவற்றையும் மறு" வரி இருக்கிறது என்பது தெரிந்தவர்தான் அதை அடிக்கும் முன் நிறுத்துவார். அடிப்படை தெரியாமல் கமாண்டை மட்டும் ஒப்பித்தவர்களுக்குத்தான் ஆபத்து.

சிசிஎன்ஏ சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதி ஆகுமாமே?

ஆகும். அதற்குள் சிசிஎன்ஏ அளவிலான ஒரு தேர்வையோ, சிசிஎன்பி-யின் ஏதாவது ஒரு தேர்வையோ பாஸ் ஆனால் தானாகப் புதுப்பிக்கப்படும். தேர்வு வேண்டாமென்றால் சிஸ்கோவின் தொடர்கல்வித் திட்டத்தில் 30 கிரெடிட் சேர்க்கலாம். சிஸ்கோ அவ்வப்போது இலவசமாகவே சில கிரெடிட் தரும் பாடங்களை விடுகிறது, பதிவு செய்த ஈமெயிலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கல்லூரி ஈமெயிலில் கணக்குத் திறந்திருந்தால் அது மூடப்படும் முன் சொந்த ஈமெயிலுக்கு மாற்றிவிடுங்கள்.